லொத்தர் மாதம்

20 ஒக்டோபர் 2024, ஞாயிறு

மத்தியானம் தம்பியின் மகன் வந்தான். வட்டையிலிருந்து நேரே வந்திருக்கிறான், முழங்கால் வரைக்கும் சேறு. பெரும்போக விதைப்பு நடக்கிறது. மழை கொஞ்சம் விட்டுக் கொடுத்ததால் பழுகாமத்து ஆம்பிளைகள் ஒருவரும் வீட்டில் இல்லை. கிணற்றடியில் கால் கழுவும்போதே தொடங்கிவிட்டான்.

"மாமி, கிறீன் காட் லொத்தர் துறந்து கிடக்கு. களுவாஞ்சிகுடியில ஒரு கடையில போட்டுக் குடுக்கிறாங்களாம். ஆளுக்கு மூவாயிரம்."

ஒரு சதமும் வேண்டாம் என்றேன். இந்த வருட விண்ணப்பத்துக்கு அமெரிக்க அரசாங்கம் காசு வாங்குவதில்லை. இந்த மாதம் 2ஆம் திகதி திறந்தது, நவம்பர் 7ஆம் திகதி அங்கத்து நண்பகலோடு மூடும்; எங்களுக்கு அது இரவு பத்தரை மணி. 12 வருடப் பள்ளிப்படிப்பு முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி தேவைப்படும் தொழிலொன்றில் கடைசி ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருட அனுபவம் வேண்டும். சதுரமாக ஒரு படம். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், கூடப் போட்டால் எல்லாமே தள்ளுபடி. உலகமெல்லாம் இருந்து கோடிக்கு மேல் பெயர்கள் வந்து விழும். சட்டத்தில் சொன்ன விசா வருடத்துக்கு 55,000. பெயர் விழுந்தால் கொழும்பில் நேர்முகம். அப்போதுதான் 330 டொலர் கட்ட வேண்டும், இன்றைய விலைக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தியாக்காரர் இதற்குப் போட முடியாது. ஐந்து வருடத்தில் 50,000 பேருக்கு மேல் வேறு வழிகளில் குடியேறிய நாடுகளுக்கு இந்த வாசல் பூட்டு. பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் அப்படித்தான். இலங்கைக்கும் நேபாளத்துக்கும் திறந்திருக்கிறது.

"விழுந்தா போயிருவன் மாமி. தங்கச்சிர வீட்டுக்கு ஓடாவது போட்டுரலாம்."

அந்த வீடுதான் எல்லாவற்றுக்கும் மூலம். இவன் கட்டாரில் நின்று உழைத்த காசில் சுவர் எழும்பியது. பிறகு 2022இல் சீமெந்து விலை ஏறின ஏற்றத்தில் கூரை நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வளவில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். இதை நான் குறைசொல்ல மாட்டேன். புருசன் வீட்டுத் தயவில் வாழாமல் சொந்தக் கூரையின் கீழ் படுக்கிற பெண்கள் இந்த வாவிக் கரையில்தான் இத்தனை பேர். ஆனால் அந்தக் கூரைக்காக அண்ணன் தம்பிமாரின் இருபது வயதும் முப்பது வயதும் பாலைவனத்தில் போகிறது.

தங்கச்சிக்காரி வாசற்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

22 ஒக்டோபர், செவ்வாய்

பென்சன் எடுக்கப் பாலம் தாண்டிப் போனேன். மருமகனும், தம்பியின் மகன்தான், லொத்தருக்குப் படம் பிடிக்கக் கூட வந்தான். கண்ணாடி கழற்றி, வெள்ளைப் பின்புறம் வைத்து எடுத்தார்கள்.

பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். அந்தக் கரையில் வங்கி, ஆதார வைத்தியசாலை, ரியூசன், கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் பஸ். இந்தக் கரையில் வெள்ளாமை, மாடு, யானை, விஞ்ஞான வாத்தியார் இல்லாத வகுப்புகள். நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் படுவான்கரை என்றதும் மாற்றத்துக்கு எழுதிப் போடுகிறார்கள். 2007 மார்ச்சில் ஷெல்லுக்குப் பயந்து இதே பாலத்தால் மூட்டை முடிச்சோடு எழுவான்கரைக்கு ஓடினோம். வாவியின் அகலம் கொஞ்சம்தான். ஒரு பிள்ளை எந்தக் கரையில் பிறந்தது என்பதை வைத்து அதன் பரீட்சை முடிவைப் பாதி சொல்லிவிடலாம். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அவன் தங்கச்சி, என் மருமகள், உயிரியல் படிக்க இந்தப் பாலத்தைச் சைக்கிளில் கடந்தவள். மூன்று பாடமும் சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் காணவில்லை. இப்போது முன்பள்ளியில் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள்.

நான் 1977இல் பேராதனைக்குப் போனது மாவட்டக் கோட்டாவில். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. 1971இல் மொழிவாரியாகப் புள்ளியைத் தட்டி நிரவிய தரப்படுத்தல் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம். 1974இல் அதன்மேல் மாவட்டக் கோட்டா வந்தது. அது யாழ்ப்பாணத்தை இறுக்கிக்கொண்டே மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் வாசலைத் திறந்தது. என் அறையில் இருந்த யாழ்ப்பாணப் பிள்ளையின் தம்பி பொறியியலுக்குப் போதிய புள்ளி எடுத்தும் வெளியே நின்றான். அவளுடைய கண்ணீரும் நியாயம், நான் உள்ளே வந்ததும் நியாயம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் பட்டம் வாங்கினேன். இன்றைக்கும் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத் திறமைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று.

அதனால்தான் போன வருடம் ஜூன் 29ஆம் திகதி அமெரிக்க உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு எனக்கு வலித்தது. பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஹார்வார்ட் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆசியப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கிறது என்று சொல்லித்தான் வழக்குப் போட்டார்கள். அதை முன்னின்று நடத்திய எட்வர்ட் புளும் ஆசியரல்லர், வெள்ளையர். கறுப்பு மக்களின் வாக்குரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய 2013ஆம் ஆண்டு ஷெல்பி வழக்குக்குப் பின்னாலும் நின்றவர் அவர்தான். எங்களைப் போன்றவர்களின் புள்ளியைக் காட்டி இன்னொருவரின் ஏணியை எடுத்துவிட்டார்கள். அங்கே போய் வாழப்போகிற பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

25 ஒக்டோபர், வெள்ளி

இரவு முழுக்க எல்லைப் பக்கம் யானைவெடிச் சத்தம். நித்திரை இல்லை. தேர்தல் வாகனம் ஒன்று காலையிலேயே வந்து ஒலிபெருக்கியில் வேலை தருகிறோம், வேலை தருகிறோம் என்று கத்திவிட்டுப் போனது. அடுத்த மாதம் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல்.

27 ஒக்டோபர், ஞாயிறு

மருமகன் இன்றைக்கு ஒரு கதை கொண்டுவந்தான். நியூ ஜேர்சியில் இருக்கிற கூட்டாளி வட்ஸ்அப்பில் சொன்னானாம்: வந்தால் கறுப்பனுகள் இருக்கிற பக்கம் வீடு எடுக்காதே, அவங்கள் உழைக்க மாட்டாங்கள், நாங்கள் உழைத்து முன்னேறின ஆட்கள்.

"அவங்களுக்கும் நமக்கும் என்ன மாமி?" என்று கேட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னான். ஆனால் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இருத்தினேன். சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1917இல் அமெரிக்கா உலகப்படத்தில் ஒரு கோடு இழுத்து, அதற்குள் இருக்கும் ஆசியர் ஒருவரும் வரக்கூடாது என்று சட்டம் போட்டது. இந்தியாவும் இலங்கையும் கோட்டுக்குள்ளே. அதற்கு முன்பே போய், அந்த நாட்டு இராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்டார். 1923இல் உச்சநீதிமன்றம், நீ வெள்ளையன் அல்லன், ஆகவே பிரசையாக முடியாது என்றது. ஏற்கெனவே பிரசைகளாக இருந்த இந்தியர் பலரின் குடியுரிமையும் பறிபோனது. 1952இல் சட்டத்தைத் திருத்தியபோதும் பெரும்பாலான ஆசிய நாடுகளுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் இடம். பழுகாமத்துப் பிள்ளை ஒன்று கனவு காணவும் இடமில்லாத கணக்கு.

அதை உடைத்தது யார்? டெல்லியோ கொழும்போ போய்க் கேட்டு உடையவில்லை. அந்தக் கறுப்பு மக்கள்தான். பஸ்ஸில் எழும்பி இடம் கொடுக்க மறுத்தவர்கள், சாப்பாட்டுக் கடையில் அடிவாங்கிக்கொண்டு இருந்தவர்கள், 1965 மார்ச்சில் செல்மாப் பாலத்தில் பொலிசின் குண்டாந்தடிக்குத் தலையைக் கொடுத்தவர்கள் அந்த நாட்டுக்கு அதன் முகத்தைக் காட்டினார்கள். 1964இல் குடிசார் உரிமைகள் சட்டம், 1965 ஓகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம். பிறந்த மண்ணில் நிறம் பார்க்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, வாசலில் மட்டும் நிறம் பார்க்கிற குடிவரவுச் சட்டத்தை எந்த முகத்தோடு வைத்திருப்பது? அந்த வருடமே ஒக்டோபர் 3ஆம் திகதி, சுதந்திரச் சிலையின் காலடியில் ஜனாதிபதி ஜோன்சன் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்து வைத்தார். எங்கள் ஆட்கள் அமெரிக்கா போன பாதை அன்றைக்குத்தான் திறந்தது.

"அப்ப அவங்கள் முன்னேறேல்லையே மாமி?"

புதிய சட்டம் படித்தவருக்கும் கைத்தொழில் தெரிந்தவருக்கும் முன்னிடம் கொடுத்தது. ஆகவே 1970களில் இங்கிருந்து போனவர்களில் டொக்டரும் இஞ்சினியரும் நிறையப் பேர். இந்த நாட்டின் இலவசக் கல்வியில் படித்து, பரீட்சையில் வடிகட்டி எடுத்த ஆட்கள். அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 250 வருட அடிமைத்தனத்திலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்த மக்களின் பிள்ளைகளோடு ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

வீட்டுக் கதைக்கு வந்தேன். அவனுக்கு வீடு என்றால் விளங்கும். 1930களில் அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்குப் படம் கீறி, கறுப்பு மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பால் அடைத்தது. சிவப்புக்குள் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெள்ளைக் குடும்பங்கள் அரசாங்கம் பிணை நின்ற கடனில் வீடு வாங்கி, அந்த வீட்டின் விலை ஏறி, அதை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். கறுப்புக் குடும்பங்கள் வாடகை கட்டிக்கொண்டே இருந்தன. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக்கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. "ஒங்கட தங்கச்சிக்கு வீடு கட்ட வங்கி கடன் தராது, ஏனெண்டா நீ பழுகாமத்தான் எண்டு ஒரு சட்டம் இருந்தா? மூண்டு தலைமுறைக்கு?" என்று கேட்டேன்.

கோப்பையைச் சுழற்றிக்கொண்டு இருந்தான். மறுகா கேட்டான், "இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா மாமி, நியூ ஜேர்சியில இரிக்கிறவனுக்கு?" தெரிந்துகொள்ளாமலே அங்கே ஒரு ஆயுளைக் கழிக்கலாம். அதுதான் எனக்குக் கவலை.

லொத்தரின் கதையையும் சொன்னேன். 1990இல் இந்தச் சட்டம் வந்தபோது மனதில் வைத்திருந்தது எங்களை அல்ல. விசா இல்லாமல் நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் வேலை செய்துகொண்டிருந்த ஐரிஷ்காரரை. தொடக்கத்து மூன்று வருடம் விசாக்களில் 40 வீதம் அயர்லாந்துக்கென்றே ஒதுக்கினார்கள். பிறகு ஆபிரிக்கர் வந்தார்கள், நேபாளிகள் வந்தார்கள், நாங்களும் வந்தோம். அதன் பிறகுதான் இது ஆகாத திட்டம் என்று சத்தம் கூடியது. 2018 ஜனவரியில் வெள்ளை மாளிகைக் கூட்டமொன்றில் ட்ரம்ப் ஆபிரிக்க நாடுகளை வாயில் எடுக்கக்கூடாத சொல்லால் ஏசிவிட்டு, நோர்வேக்காரர் ஏன் வரக்கூடாது என்று கேட்டதாகச் செய்தி வந்தது. அப்படியொரு வரிசையில் எங்கள் இடம் நோர்வேக்காரர் பக்கம் என்று யாராவது நினைத்தால், அவருக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.

30 ஒக்டோபர், புதன்

இன்றைக்கு அறுபது வருடம். 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மலையகத் தமிழரை இரண்டு பிரதமர்கள் பங்குபோட்ட நாள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். வானொலியிலும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

திந்தின் கதையைச் சொல்லி அமெரிக்காவை ஏசிய அதே வாயால் இதையும் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் தேயிலை நட்டவர்களை ஒரே இரவில் நாடற்றவர்களாக்கியது. அதற்குக் கை தூக்கியவர்களில் தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகத்தைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். ஆதரித்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்கள் மட்டக்களப்பின் எல்லைக் காடுகளில் குடியேறினார்கள். யானையும் பிறகு துவக்கும் முதலில் போனது அவர்கள் குடிசைகளுக்குத்தான். எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். எந்தப் பெயர் சொல்லி அவர்களைக் கூப்பிட்டோம், கலியாணம் பேச வந்தால் என்ன சொல்லித் திருப்பினோம் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளைப் பின்வாங்கில் இருத்துவதை நான் எதிர்த்துச் சண்டைபிடித்திருக்கிறேன். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்று இன்னமும் வழக்காடுகிற ஊர்கள் நாங்கள்.

இந்தச் சரக்கும் கப்பலேறுகிறது. 2023 பெப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடைசெய்தது. அமெரிக்க நகரம் ஒன்றில் அப்படியொரு சட்டம் வரவேண்டிய அளவுக்கு எங்கள் துணைக்கண்டத்து ஆட்கள் அங்கே சாதியைக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த ஒக்டோபரில் ஆளுநர் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா போனபோது, கேரளத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றதாம். யோசித்தபின், ஆம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டதைப் பிறகு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். நியூ ஜேர்சிக் கூட்டாளிக்கு இதையும் அனுப்பச் சொல்லி மருமகனிடம் கொடுத்திருக்கிறேன்.

31 ஒக்டோபர், வியாழன்

தீபாவளி. காலையில் கோயில், பிறகு தம்பி வீட்டில் சாப்பாடு. சுவிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வந்துகொண்டே இருந்தது. மட்டக்களப்பார் அமெரிக்காவில் குறைவு.

சாப்பிட்டு முடிய ஒரு உறவுக்காரர் தம்பியோடு தனியே இருந்து கதைத்தார். லொத்தரை நம்பி இருக்காதே, ஏஜென்சிக்காரன் ஒருவன் இருக்கிறான், பிரேசில் போய் அங்கிருந்து காட்டால் மெக்சிக்கோ, எல்லை தாண்டிவிட்டால் அகதி என்று சொன்னால் போதும் என்றார். காணி உறுதியை ஈடு வைத்தால் காசு வருமாம். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவே போய், துரைசிங்கம் வழக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

விஜயகுமார் துரைசிங்கம், இலங்கைத் தமிழ் விவசாயி. 2017இல் மெக்சிக்கோ எல்லை தாண்டி 25 யார் தூரத்தில் பிடிபட்டார். ஊரில் ஆட்கள் வந்து கடத்திக்கொண்டுபோய் அடித்ததைச் சொன்னார். விசாரித்த அதிகாரி நடந்ததை நம்பினார். ஆனால் அடித்தவர் யார், ஏன் அடித்தார் என்று உங்களால் சொல்ல முடியவில்லை, ஆகவே திருப்பி அனுப்பலாம் என்று முடிவெடுத்தார். வெள்ளை வானில் ஏற்றினவன் பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டா ஏற்றுவான்! மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூன் 25இல் உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று மாற்றிவிட்டது: எல்லையில் பிடிபட்டவர் அப்படியொரு முடிவை ஆட்கொணர்வு மனுவால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பு இடம் கொடுக்கவில்லை என்று. நீதியரசர்களில் சோட்டோமேயரும் கேகனும் மட்டும் மறுத்து எழுதினார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் எல்லை தாண்டுகிற வேறு நாட்டு அகதிகளின் வழக்குகளிலும் எங்கள் ஆள் ஒருவரின் பெயர் மேற்கோளாகிறது.

தம்பி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். நல்லது.

2 நவம்பர், சனி

மட்டக்களப்புக்குப் போகவேண்டியிருந்தது. கத்தோலிக்கருக்கு இன்று ஆத்துமாக்கள் தினம். சேமக்காலைகளில் மெழுகுதிரியும் பூவும்.

ஹெபேர் சுவாமிக்குக் கல்லறை இல்லை. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வந்தவர், கூட வந்த தமிழ்ப் பிள்ளையோடு வழியில் காணாமல் போனார். இரண்டு பேரும் திரும்பவே இல்லை. அமெரிக்கன் சுவாமிமார் என்று நாங்கள் சொல்லும் யேசுசபையார் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வெபர் சுவாமியின் பெயர் மைதானத்துக்கு நிற்கிறது. மில்லர் சுவாமி, காணாமல் போன பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாய்த் தாய்மாரோடு போனவர், 2019இல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகள் கூடைப்பந்தில் நாட்டையே அடித்தது இவர்கள் பழக்கிய பழக்கத்தால்.

விடுதியில் இருந்த காலத்தில் அவர்களைத் தெருவில் காணும்போது அமெரிக்கா என்றால் இப்படிப்பட்ட மனிதர்கள் வாழும் இடம் என்று நினைத்திருந்தேன். பேராதனை நூலகத்தில்தான் அவர்கள் ஊரின் மற்றப் பக்கத்தைப் படித்தேன். நியூ ஓர்லியன்ஸில் 1892இல் ஹோமர் பிளெசி என்ற சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி வெள்ளையரின் ரயில் பெட்டியில் ஏறி இருந்தார். 1896இல் உச்சநீதிமன்றம், தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று தீர்ப்புச் சொல்லி, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பிரிவினைக்குச் சட்டத்தின் போர்வையைப் போர்த்தியது. அதே நகரில் 1960 நவம்பர் 14ஆம் திகதி ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுப் பிள்ளை வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குப் போக மத்திய அரசின் மார்ஷல்கள் காவலுக்கு நடக்க வேண்டியிருந்தது. வெளியே தாய்மார் நின்று அந்தப் பிள்ளையை ஏசினார்கள். அந்த வருடங்களில் ஹெபேர் சுவாமி இங்கே கறுத்த பிள்ளைகளின் தோளில் கைபோட்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

அவர்கள் சபை நடத்திய அலபாமா ஸ்பிரிங் ஹில் கல்லூரி 1954இலேயே கறுப்பு மாணவர்களைச் சேர்த்தது. கிங் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அதைப் பாராட்டியிருக்கிறார். அமெரிக்கா எப்படிப்பட்டது என்று மருமகன் கேட்டால் எனக்கு ஒரு சொல்லில் சொல்ல வராது. ரூபியை ஏசின தாய்மாரும், மில்லர் சுவாமியும் ஒரே தெற்கிலிருந்து வந்தவர்கள். எந்தக் கூட்டத்தோடு போய் நிற்பது என்பதை அங்கே போகிறவன் தானே தெரிவுசெய்ய வேண்டும்.

6 நவம்பர், புதன்

பின்னேரம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்துவிட்டது. கமலா ஹரிஸ் தோற்றுவிட்டார்.

கந்தசட்டி விரதக்காரர் கோயிலில் கூடியிருந்த இடத்திலும் இதே கதைதான். ஒருவர், எங்கட தமிழ்ப் புள்ள தோத்துட்டு என்றார். இன்னொருவர், அவ தன்னைக் கறுப்பி எண்டு சொன்னதாலதான் தோத்தவ, தமிழ் எண்டு சொல்லியிருந்தா வெள்ளைக்காரன் போட்டிருப்பான் என்றார். நான் விரதக்காரி என்று பார்க்காமல் எழும்பிவிட்டேன்.

கமலாவின் தாய் சியாமளா கோபாலன் 1958இல், பத்தொன்பது வயதில், தனியே பேர்க்லிக்குப் படிக்கப் போனவர். நான் சொன்ன 1965 சட்டத்துக்கும் முதல். அங்கே கறுப்பு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தார், ஊர்வலம் போனார், ஜமெய்க்காவிலிருந்து வந்தவரைக் கலியாணம் செய்தார், மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர் எடுத்தார். இரண்டு மகள்மாரையும் கறுப்புப் பெண்களாகவே வளர்த்தார். அமெரிக்கா அவர்களை அப்படித்தான் பார்க்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. மகள் அதை எழுதியிருக்கிறார். மூத்தவர் படிக்கத் தெரிவுசெய்ததும் வொஷிங்டனில் இருக்கிற ஹவார்ட், அடிமைத்தனம் ஒழிந்த கையோடு 1867இல் கறுப்பு மக்களுக்காகத் தொடங்கின பல்கலைக்கழகம். ஜூலையில் ட்ரம்ப், இவர் இந்தியரா கறுப்பரா என்று கேட்டு நக்கல் பண்ணினார். கோயிலடியில் கேட்டதும் அதே கேள்விதான், எங்கள் தமிழில்.

அவர் தோற்றதற்கு விலைவாசியும் காரணம், காஸாவும் காரணம், வேறும் பலவும் இருக்கும். அரசியலில் அவரோடு எனக்கு ஒத்துவராதது நிறைய. ஆனால் சியாமளாவை எங்கள் பெண் என்று பெருமைப்படுகிறவர்கள் அவர் யாரோடு தோள் சேர்ந்து நின்றார் என்பதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்க முடியாது. இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மருமகள் என்னோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் சியாமளாவைப் பற்றியே கேட்டாள். தனியே எப்படிப் போனார், காசு யார் கொடுத்தது, தகப்பன் மறிக்கவில்லையா.

7 நவம்பர், வியாழன்

சூரன்போர் முடிந்து வர இருட்டிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. கரண்ட் ஒருதடவை போய் வந்ததும் மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். அவனுடைய விண்ணப்பத்தைப் போட்டு முடித்தோம். உறுதிப்படுத்தும் இலக்கத்தை இரண்டு இடத்தில் எழுதி வைத்தேன். அது துலைந்தால் வருகிற மே 3ஆம் திகதி முடிவு பார்ப்பது கஷ்டம்.

மூடப்போகும்போது தங்கச்சிக்காரி சொன்னாள்: "மாமி, என்ட பேரையும் போடுங்க."

தாய் குசினிக்குள் இருந்து ஓடிவந்தாள். "என்னகா பேசுறாய்? ஒனக்கு வீடு கட்டத்தானே அவன் போகப் பாக்கிறான்? பொம்புளப் புள்ள போனா வீட்ட ஆருக்கு?"

"எனக்குக் கூர வேணாம் அம்மா... ஓலையே போதும். எனக்குப் படிக்கணும்."

அண்ணன்காரன் தாயையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு கதிரையை விட்டு எழும்பி அவளை இருத்தினான். "போடு. ஒனக்குத்தான் ஏ எல் ரிசல்ற் நல்லம்."

படம் இல்லை. வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, இரண்டு விளக்கையும் பக்கத்தில் வைத்து, போனில் எடுத்தோம். நிழல் விழுந்தது. திரும்ப எடுத்தோம். சதுரமாக வெட்டி, அளவு சரிபார்த்து ஏற்றியபோது மணி பத்து தாண்டிவிட்டது. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் பழுகாமம் என்பதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று அண்ணனும் தங்கையும் சண்டை பிடித்தார்கள். அடையாள அட்டையில் இருக்கிறபடியே போடச் சொன்னேன். இலக்கம் வந்தது.

மச்சாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். நாளைக்குத் தம்பி வட்டையிலிருந்து வந்ததும் பெரிய சண்டை இருக்கும். நான்தான் முன்னுக்கு நிற்கவேண்டும், நிற்பேன்.

மருமகள் இன்னும் போகவில்லை. "மாமி, கமலா படிச்ச கறுப்பாக்கள்ர யூனிவர்சிற்றியில பயோ இரிக்கா?"

இருக்கிறது. மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, 1868இலிருந்து.